கம்யூனிட்டி காலேஜ் ஆண்டறிக்கையில் எதைப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: கலிஃபோர்னியாவில் இருக்கிறீர்கள். உங்கள் பகுதி கம்யூனிட்டி காலேஜின் (இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போகக்கூடிய கல்லூரி) ஆண்டறிக்கை வீட்டுக்கு வந்திருக்கிறது. புது அறிவியல் கட்டடம், புதுப்பித்த நூலகம், டியூட்டரிங் சென்டர், இலவச உணவுக் கூடம், மனநல ஆலோசனை என்று பக்கத்துக்குப் பக்கம் வளர்ச்சி. ஆனால் இணையத்தில் தேடினால் பட்டம் முடிப்போர் விகிதம் முப்பது சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. எதை நம்புவது? எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் மகளை அங்கே சேர்க்கலாமா?

அந்த மாதிரி அறிக்கைகளுக்கு எண்களைக் கொடுக்கும் அறையில் பதினோரு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். வேறொரு கல்லூரி, பெயர் வேண்டாம். எங்கள் பிரிவுக்குப் பெயர் இன்ஸ்டிடியூஷனல் ரிசர்ச். பெயர்தான் பெரிசு, வேலை எண்ணுவது. அதனால் சொல்கிறேன், அறிக்கையில் பெரும்பாலும் பொய் இருக்காது. எந்தப் பணம் எங்கிருந்து வந்தது, எது எந்த வருடத்துச் செய்தி என்பதுதான் அதில் இருக்காது.

கட்டடமும் மாணவர் உதவியும் அடுத்தடுத்த பக்கங்களில் அச்சாகின்றன. இரண்டுக்கும் பணம் வேறு வேறு பையிலிருந்து வருகிறது. 1978-ல் மக்கள் ஓட்டில் வந்த ப்ரொபசிஷன் 13 என்ற சட்டம் சொத்து வரியைக் கட்டிப்போட்டது. உள்ளூர் பாண்ட் (சொத்து வரியிலிருந்து அடைக்கும் கடன்) ஒன்று நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டியிருந்தது; பல ஊர்களில் அது நடக்கிற காரியமில்லை. 2000 நவம்பரில் ப்ரொபசிஷன் 39 அந்த வரம்பை 55 சதவீதமாக இறக்கியது. இன்று இந்த மாநிலத்துக் கல்லூரிகளில் நீங்கள் பார்க்கும் கண்ணாடிக் கட்டடங்களில் பெரும்பகுதி அந்த வாசல் வழியாக வந்தவை. கூடவே நிபந்தனைகளும் வந்தன. ஆண்டுதோறும் தணிக்கை வேண்டும். குடிமக்கள் கண்காணிப்புக் குழு வேண்டும். அந்தப் பணத்தைக் கட்டடத்துக்கும் தளவாடத்துக்கும்தான் செலவழிக்கலாம். ஆசிரியர் சம்பளத்துக்கோ அன்றாட நிர்வாகச் செலவுக்கோ ஒரு டாலர்கூட எடுக்கக் கூடாது.

அதாவது, பல கோடி டாலரில் மாணவர் சேவை மையம் கட்டலாம். அதற்குள் உட்காரும் கவுன்சிலருக்கு (எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்று திட்டமிட்டுக் கொடுப்பவர்) அந்தக் காசில் சம்பளம் போட முடியாது. கட்டி முடித்த பிறகு மின்சாரம், ஏசி பராமரிப்பு, துப்புரவு ஆள் எல்லாம் அன்றாட நிதியின் தலையில் விழும். புதுக் கட்டடம் திறந்த வருடமே துப்புரவுப் பணியாளர் இடங்கள் காலியாகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். திறப்பு விழா படத்தில் அது தெரியாது.

இன்னொரு சங்கதி வெளியில் பலருக்குத் தெரியாது. 1961-லிருந்து இந்த மாநிலத்தில் ஐம்பது சதவீதச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கல்விக்கான நடப்புச் செலவில் பாதியாவது வகுப்பில் பாடம் நடத்துபவர்களின் சம்பளத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் கவுன்சிலரும் நூலகரும் அந்தக் கணக்கில் வகுப்பறைப் பக்கம் வரமாட்டார்கள். நான்கு கவுன்சிலரைக் கூடுதலாக எடுத்தால், நிதி அதிகாரிக்கு அது அந்தப் பாதியைக் குறைக்கும் செலவு. இரண்டு பக்கமும் இழுபட்டுத்தான் ஒவ்வொரு வருடமும் பட்ஜெட் போடுவார்கள். ஆக, அறிக்கையில் "இரண்டு முழுநேரக் கவுன்சிலர்கள் சேர்க்கப்பட்டனர்" என்று ஒரே ஒரு வரி எங்காவது மூலையில் இருந்தால், அதை அட்டைப்படக் கட்டடத்தைவிடப் பெரிய செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு யாரோ உள்ளே சண்டை போட்டிருக்கிறார்கள்.

கட்டடம் எந்த வருடத்துச் செய்தி என்பதையும் பாருங்கள். 1933 மார்ச்சில் லாங் பீச்சில் நிலநடுக்கம் வந்து பள்ளிக் கட்டடங்கள் நொறுங்கின. அது மாலை நேரம். வகுப்பு நேரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயத்திலேயே அடுத்த மாதம் ஃபீல்டு சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் வழியில் இன்றும் கம்யூனிட்டி காலேஜ் கட்டடங்களின் வரைபடத்தை மாநிலக் கட்டடக்கலைப் பிரிவு பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பாண்ட் ஓட்டு, வடிவமைப்பு, ஒப்புதல், டெண்டர், கட்டுமானம் எல்லாம் சேர்த்து ஐந்தாறு வருடம் சர்வசாதாரணம். இந்த வருடம் ரிப்பன் வெட்டிய கட்டடம் போன தலைமை காலத்து முடிவாக இருக்கும்.

உங்கள் மகள் அங்கே இருக்கப்போவது இரண்டு, மிஞ்சினால் மூன்று வருடம். அந்த இடைவெளியில் அவளுக்கு ஒன்று புழுதி கிடைக்கும், இல்லாவிட்டால் புதுக் கட்டடம் கிடைக்கும். பழைய அறிவியல் கட்டடத்தை இடிக்கும்போது வகுப்புகளைக் கார் நிறுத்துமிடத்தில் வரிசையாக வைத்த போர்ட்டபிள் அறைகளுக்கு மாற்றுவார்கள். ஸ்விங் ஸ்பேஸ் என்பார்கள். ஊஞ்சல் மாதிரி இருக்கும் என்று நினைக்காதீர்கள், தகரக் கொட்டகைக்கு ஒரு படி மேல். நடந்தால் தரை அதிரும். சேர்ந்த நாள் முதல் டிரான்ஸ்ஃபர் வாங்கிப் போகும் நாள் வரை அங்கேயே படித்துவிட்டுப் போன மாணவர்கள் உண்டு. அதனால் அறிக்கையில் "திறக்கப்பட்டது" என்று இருப்பதைவிட "அடுத்து இடிக்கப்படுவது" எது என்று பாருங்கள். கல்லூரியின் ஃபெசிலிட்டீஸ் மாஸ்டர் பிளான் (கட்டடங்களுக்கான நீண்டகாலத் திட்டம்) இணையதளத்திலேயே இருக்கும்.

கட்டடமே வீண் செலவு என்று சொல்ல வரவில்லை. சில இடங்களில் கட்டடம்தான் மாணவர் உதவி. வேதியியல் லேபை எடுத்துக்கொள்ளுங்கள். நச்சுக்காற்றை இழுத்து வெளியே விடும் ஃப்யூம் ஹூட் எத்தனை இருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் ஒரு வகுப்புப் பிரிவில் (செக்‌ஷன்) எத்தனை பேர் நிற்கலாம் என்பது. லேப் இரண்டுதான் என்றால், செமஸ்டருக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஒன்றோ இரண்டோ பிரிவுதான் ஓடும். வெயிட்லிஸ்டில் போனவள் அடுத்த வருடம்தான் எடுப்பாள். டிரான்ஸ்ஃபர் ஒரு வருடம் தள்ளிப்போகும். கட்டணத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே கரைந்துவிடும். அனாட்டமி, பிசியாலஜி எடுக்கும் நர்சிங் மாணவர்களைக் கேட்டால் இதையே கண்ணீரோடு சொல்வார்கள். புது அறிவியல் கட்டடத்தால் லேப் பிரிவுகள் கூடியிருக்கின்றனவா என்று வகுப்பு அட்டவணையில் எண்ணிப் பாருங்கள். பழைய கட்டடத்தில் ஐந்து பிரிவு, புதியதிலும் அதே ஐந்து என்றால், மாறியது மேசைதான்.

பழைய கட்டடங்களுக்கு ஃபெசிலிட்டி கண்டிஷன் இண்டெக்ஸ் என்று ஒரு எண் உண்டு. பழுதுபார்க்க ஆகும் செலவை, அதே கட்டடத்தைப் புதிதாகக் கட்ட ஆகும் செலவால் வகுப்பது. எண் கூடினால் நிலைமை மோசம். ஒழுகும் கூரை, நின்றுபோகும் லிஃப்ட், வெயில் நாளில் கைவிடும் ஏசி எல்லாம் இதற்குள் அடக்கம். சக்கர நாற்காலியில் வரும் மாணவிக்கு லிஃப்ட் ஒரு வாரம் நின்றால் அந்த வாரம் இரண்டாவது மாடி வகுப்பு இல்லை, அவ்வளவுதான். கூரை மாற்றியதை யாரும் அட்டையில் போடமாட்டார்கள். உள்ளே எங்கேயாவது இருந்தால் அந்த நிர்வாகத்தை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன்.

அப்புறம் மாணவர் உதவி. இங்கே எண்கள் ரொம்ப வழுக்கும். எங்கள் டியூட்டரிங் சென்டர் வாசலில் ஒரு கார்டு தேய்க்கும் கருவி இருந்தது. ஒரு பெண் உள்ளே வருவாள், தேய்ப்பாள். போன் வந்தால் வெளியே போவாள், திரும்பி வந்து மறுபடி தேய்ப்பாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு தரம். அறிக்கையில் அது மூன்று வருகை. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் செய்ததில்லை. தேய்த்தால் எண்ணும், கருவிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "வருகைகள்" என்று போட்டிருந்தால் "எத்தனை பேர்" என்று கேளுங்கள்.

அதே சென்டரில் ஒரு நாள் மாலை ஐந்து இருபதுக்கு நான் வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தது. கிடங்குச் சீருடையோடு ஒரு பையன், கையில் கால்குலஸ் புத்தகம், கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் எழுதிய தாள் அவன் மூக்குக்கு நேராக ஒட்டியிருந்தது: காலை 9 முதல் மாலை 5 வரை. அவனுடைய வகுப்பு ஆறரைக்கு. உள்ளே விளக்கு எரிந்தது, நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் வைத்திருந்தார்கள். அந்த வருட அறிக்கையில் அந்த சென்டருக்கு முழுப் பக்கம். இடம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், நேரம்தான் வேலைக்குப் போகாத மாணவருக்கு வைத்த நேரம். கம்யூனிட்டி காலேஜில் பாதிக்கு மேல் பகுதிநேர மாணவர்கள். அவர்களில் பலர் வேலை முடித்து வருகிறவர்கள். பிறகு அந்த நேரத்தை எட்டு மணி வரை நீட்ட எங்களுக்கு மூன்று பட்ஜெட் கூட்டம் பிடித்தது. அதற்கான செலவு ஒரு கட்டடத்தின் வாசல் படிக்கு ஆகும் செலவுகூட இராது.

உணவுக் கூடத்தின் எண்ணும் அப்படிப்பட்டதே. வருகிறவர்கள் கூடினால் அது முன்னேற்றமா, துன்பம் கூடியதா? இரண்டும்தான் என்பதுதான் நேர்மையான பதில். 2022 ஜூலைக்குள் ஒவ்வொரு கல்லூரியிலும் அடிப்படைத் தேவை மையமும் அதற்கு ஒரு பொறுப்பாளரும் இருக்க வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டுவிட்டது. அதனால் மையம் இருப்பதே இனி சாதனையாகாது. அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எங்களிடம் முதலில் ஒரு கட்டடத்தின் பின்புற அறையில் இருந்தது, கூச்சப்பட்டுத்தான் வருவார்கள். கேன்டீனுக்கும் நூலகத்துக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்ததும், ஆப்பிள் எடுக்க வருகிறவரும் வாரச் சாமான் எடுக்க வருகிறவரும் ஒரே வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். கூச்சம் போயிற்று.

சில கல்லூரிகள் இதில் துணிச்சலாகப் போயிருக்கின்றன. லாங் பீச் சிட்டி காலேஜ் 2021-ல், வீடில்லாமல் காரில் தூங்கும் மாணவர்கள் இரவில் கல்லூரியின் பார்க்கிங் கட்டடத்திலேயே பாதுகாப்போடு தங்க ஏற்பாடு செய்தது. ஏற்கெனவே கட்டிவைத்த கான்கிரீட், இரவில் காலியாகக் கிடப்பது, அதுதான் உதவியாகிறது. கல்லூரி வளாகத்தில் காரில் தூங்கும் மாணவர் இருப்பதை ஒப்புக்கொள்ளவே ஒரு நிர்வாகத்துக்கு நெஞ்சுரம் வேண்டும். டெக்சஸில் அமரில்லோ காலேஜ் இன்னும் ஒரு படி மேலே போய், தங்கள் மாணவர் யார் என்று தரவை வைத்துப் பார்த்து, அவளுக்கு மரியா என்று பெயரும் வைத்தது. குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவள், தாய், வேலைக்கும் போகிறாள், பகுதிநேரமாகப் படிக்கிறாள். அவளுக்கு ஏற்றபடி பதினாறு வார செமஸ்டரை எட்டு எட்டு வாரமாகப் பிரித்தார்கள். வாடகை, கார் ரிப்பேர் மாதிரி அவசரத்துக்கு உதவ வளாகத்தின் நடுவிலேயே ஒரு மையம் வைத்தார்கள். 2023-ல் கம்யூனிட்டி காலேஜ்களுக்கான ஆஸ்பென் பரிசை கலிஃபோர்னியாவின் இம்பீரியல் வேலி காலேஜோடு பகிர்ந்துகொண்டது அந்தக் கல்லூரி.

ஆனால் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சான்று நியூயார்க்கிலிருந்து வந்தது. சிட்டி யுனிவர்சிட்டி 2007-ல் தன் கம்யூனிட்டி காலேஜ்களில் ஏசாப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. முழுநேரம் படிக்க வேண்டும், ஆலோசகரைத் தவறாமல் பார்க்க வேண்டும்; பதிலுக்கு உதவித்தொகை போக மீதிக் கட்டணம் தள்ளுபடி, பாடப்புத்தகம், சப்வேக்குப் பயண அட்டை. எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தது. மூன்று வருடத்தில் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் பட்டம் முடித்தார்கள், மற்றவர்களில் 22 சதவீதம். ஏறத்தாழ இரட்டிப்பு. ஏசாப் ஆலோசகர் ஒருவருக்கு 60 முதல் 80 மாணவர்கள். வழக்கமான ஆலோசகருக்கு 600-லிருந்து 1,500 வரை. ஒரு மாணவருக்கு மூன்று வருடத்தில் கூடுதலாக 16,000 டாலர் அளவுக்குச் செலவானது. ஆனாலும் முடித்தவர்கள் அவ்வளவு பேர் என்பதால், ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்தே வந்தது. பிறகு ஒஹாயோவில் மூன்று கல்லூரிகளில் செய்து பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதே பலன். இத்தனைக்கும் இதற்கென்று ஒரு கட்டடம்கூட எழும்பவில்லை.

சரி, உங்களை மிரட்டிய அந்த முப்பது சதவீதத்துக்கு வருவோம். அது மத்திய அரசுக்கு ஒவ்வொரு கல்லூரியும் அனுப்பும் எண். முதல் தடவையாக, முழுநேரமாக, இலையுதிர் செமஸ்டரில் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்து, இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடத்துக்குள் முடித்தார்களா என்று பார்ப்பது. பகுதிநேரமாகச் சேர்ந்தவர்கள் அதில் இல்லவே இல்லை. அசோசியேட் பட்டம் (இரண்டு வருடப் பட்டம்) வாங்காமலே யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) பர்க்லிக்கு டிரான்ஸ்ஃபர் ஆன மாணவரும் அந்த எண்ணில் பட்டம் முடிக்காதவர்; டிரான்ஸ்ஃபர் விகிதம் என்று அவருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. பகுதிநேரக்காரர்களையும் சேர்த்து எட்டு வருடம் பின்தொடரும் அவுட்கம் மெஷர்ஸ் என்ற கணக்கு இதைவிட நியாயமானது. ஆனால் முழுக்க ஆறுதலும் வேண்டாம். அமெரிக்கா முழுவதும் எடுத்தால், கம்யூனிட்டி காலேஜில் சேர்பவர்களில் ஆறு வருடத்துக்குள் இளங்கலைப் பட்டம் வரை போகிறவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர் அளவுதான். சேரும்போது பெரும்பான்மையோர் அந்த ஆசையோடுதான் வருகிறார்கள்.

நல்ல பள்ளி மதிப்பெண்ணோடு முழுநேரம் சேரப்போகும் உங்கள் மகளின் வாய்ப்பு அந்தச் சராசரியைவிட நிச்சயம் மேல். கணிதத்தில் அடிப்படைப் பாடம் என்று இரண்டு மூன்று செமஸ்டர் பின்னால் தள்ளிவிடும் பழைய பழக்கமும் 2017-ல் வந்த ஏபி 705 சட்டத்தோடு ஏறக்குறைய ஒழிந்தது. இப்போது பள்ளி மதிப்பெண்ணை வைத்து நேராகக் கல்லூரிப் பாடத்தில் உட்கார வைக்கிறார்கள். யூசி வளாகங்களில் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆறும் தகுதி இருந்தால் டிரான்ஸ்ஃபர் இடத்தை எழுத்தில் உறுதி தருகின்றன. பர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ தருவதில்லை. இதையெல்லாம் முதல் செமஸ்டரிலேயே சரியாகத் திட்டமிட்டுக் கொடுப்பது யார்? அதே கவுன்சிலர்தான்.

அதனால் சேர்க்கலாமா என்றால், என் பதில் பெரும்பாலும் ஆம். ஆனால் அறிக்கையை மூடி வைத்துவிட்டு இரண்டு வேலை செய்யுங்கள். செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் கவுன்சிலிங் அலுவலகத்துக்குப் போன் போட்டு, புது மாணவிக்கு அரை மணி நேரச் சந்திப்பு எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். நான்கு நாள் என்றால் நல்ல கல்லூரி. ஐந்து வாரம் என்றால், கட்டடம் எவ்வளவு மின்னினாலும் திட்டமிடலை நீங்களே செய்துகொள்ளத் தயாராக இருங்கள். அப்புறம் ஒரு வார நாளில் மாலை ஆறு மணிக்கு வளாகத்தில் நடந்து பாருங்கள். எந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன, எவை பூட்டியிருக்கின்றன என்று மகளே குறித்துக்கொள்ளட்டும். இலையுதிரில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் வசந்த செமஸ்டருக்குத் திரும்பினார்கள் என்ற எண்ணையும், முடிந்தால் கம்யூனிட்டி காலேஜ்களை மேற்பார்க்கும் மாநில சான்சலர் அலுவலகத்தின் இணையத் தரவுகளில் நான்கைந்து வருடத்துக்கு எடுத்துப் பாருங்கள். எந்த எண்ணையும் ஒரே வருடத்துக்குப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எச்-4 பற்றி: எச்-4 இருப்பவர்கள் கலிஃபோர்னியாவாசி என்று தகுதி பெறத் தடை இல்லை, செமஸ்டர் தொடங்குவதற்கு முன் ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே குடியிருந்ததற்கும், இங்கேயே இருக்கும் எண்ணத்துக்கும் சான்று வேண்டும். மகளுக்கு 18 ஆகவில்லை என்றால் உங்கள் குடியிருப்பைத்தான் பார்ப்பார்கள். வரித் தாக்கல், வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம் எடுத்து வையுங்கள். தகுதி கிடைத்தால் யூனிட்டுக்கு (ஒரு கிரெடிட்) 46 டாலர், இல்லாவிட்டால் அதைப்போலப் பல மடங்கு. மத்திய அரசின் கல்வி உதவித்தொகையான பெல் கிராண்ட் எச்-4-க்குக் கிடையாது. 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 (மாணவர் விசா) ஆனால் கட்டண வகையும் மாறிவிடக்கூடும், அவள் பிறந்த தேதியை வைத்து அந்த செமஸ்டர் எது என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பப் படிவத்தில் குடியுரிமைக் கேள்வி வரும் இடத்தில் அவசரத்தில் எஃப்-1 என்று தட்டிவிட்டு, பிறகு அட்மிஷன்ஸ் ஜன்னலில் இரண்டு வாரம் அலைந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.